சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியர், நடிகர், பாடலாசிரியர், நாடகப் பயிற்சியாளர் ஆவார். இசை நாடகங்களில் நடிகராகத் தம் கலைவாழ்வைத் தொடங்கிய இவர், பின்னர் நடிப்பைக் கைவிட்டு நாடகங்களை எழுதுவதிலும் நடிகர்களைப் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டார். சமரச சன்மார்க்க நாடக சபை, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆகிய நாடகக் குழுக்களை உருவாக்கினார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார். இவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் தமிழகத்தின் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடத்தப்பட்டு வருகின்றன.

பின்னணி

சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் கூத்தே மக்களின் முதன்மையான நிகழ்த்துகலையாக இருந்தது. வட ஆர்க்காட்டின் ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் தெருக்கூத்து பாரதக் கதையை ஒட்டித் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களோடு இணைந்து வளர்ந்தது. ஏனைய பகுதிகளிலும் அந்தந்த ஊர் மரபுக்கேற்ற கூத்துகள் நடைபெற்று வந்தன. இவற்றில் மேடையோ திரைச்சீலையோ கிடையாது. கட்டியங்காரன் கதையை அறிமுகப்படுத்த, நடிகர்களே பாடி ஆடினர்.

இதே காலத்தில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் தென்னிந்திய நகரங்களில் புதிய காட்சிமுறையை அறிமுகம் செய்தன. வண்ணம் தீட்டிய திரைகள், உயர்ந்த மேடை, ஆர்மோனியம், நுழைவுச்சீட்டு முதலியவை இவ்வாறு பரவின. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ் போன்றோர் இம்முறையைப் பின்பற்றிக் குழுக்கள் அமைத்தனர். கூத்தின் பாட்டும் கதையும் பார்சி மேடையின் திரையும் ஒளியும் கலந்து பிறந்ததே தமிழ் இசை நாடகம் எனலாம்.

புதிய மேடை கிடைத்த போதிலும் அதற்குரிய நாடகப் பனுவல்கள் போதிய அளவில் இல்லை. நடிகர்கள் தாம் அறிந்த பாடல்களைப் பாடி, இடையில் தமக்குத் தோன்றிய உரையாடலைப் பேசினர். கதைக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தாத பாடல்கள் மேடையில் ஒலித்தன. கற்றோர் நாடகத்தை இழிவாகக் கருத இதுவும் ஒரு காரணமாயிற்று. இந்நிலையை மாற்ற மூவர் வெவ்வேறு வழிகளில் முயன்றனர். பரிதிமாற் கலைஞர் (1870 - 1903) நாடகவியல் என்னும் இலக்கண நூலை எழுதினார். பம்மல் சம்பந்த முதலியார் (1873 - 1964) 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, வழக்கறிஞர்களையும் அலுவலர்களையும் பொழுதுபோக்கு நடிகர்களாக மேடையேற்றினார். அதே 1891ஆம் ஆண்டில் தொழில்முறை நாடக மேடைக்குள் நுழைந்த சங்கரதாஸ் சுவாமிகள் அம்மேடையை உள்ளிருந்தே சீரமைக்க முற்பட்டார்.

இளமையும் கல்வியும்

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன், தாயார் பேச்சியம்மாள். தந்தையார் தமிழ் இலக்கியத்தில், சிறப்பாக இராமாயணத்தில், தேர்ந்த புலமை உடையவர். எனவே மகனுக்குத் தொடக்கக் கல்வியைத் தாமே அளித்தார்.

பின்னர் சங்கரன் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடன் பயின்றவர். இளமையிலேயே வெண்பா, கலித்துறை முதலிய யாப்பு வகைகளில் விரைந்து பாடல் இயற்றும் ஆற்றலைப் பெற்றார். பிற்காலத்தில் நாடகப் பாடல்களைத் தங்குதடையின்றி எழுதுவதற்கு இப்பயிற்சியே அடித்தளமாக அமைந்தது. புலவர்களிடம் கற்ற ஒருவர் நாடகத்தொழிலுக்கு வருவது அக்காலத்தில் அரிது. கல்வியை முடித்தபின் சிறிது காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். அப்பணியில் அவர் மனம் ஒன்றவில்லை.

நடிகராக

1891ஆம் ஆண்டில், தமது 24ஆம் வயதில், சங்கரதாஸ் சுவாமிகள் வேலையை விட்டு நாடகத்துறையில் சேர்ந்தார். இராமுடு ஐயர், கல்யாணராம ஐயர் ஆகியோரின் நாடக சபையில் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். உயர்ந்த தோற்றமும் கம்பீரமான குரலும் கொண்டிருந்ததால் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்கள் இவருக்கு வாய்த்தன. இவ்வேடங்களில் இவர் பெரும் புகழ் பெற்றார்.

அப்புகழே இவரது நடிப்பு வாழ்க்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த இவர், ஆட்டம் முடிந்ததும் விடியற்காலை இருளில் வேடத்தைக் கலைப்பதற்காக நீர்நிலைக்குச் சென்றார் என்றும், அங்குத் துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி கரிய உடலோடு எதிர்ப்பட்ட இவரைக் கண்டு அஞ்சி உயிரிழந்தாள் என்றும் கூறப்படுகிறது. மற்றொரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாகத் தோன்றியபோது, பார்வையாளர்களுள் ஒருத்தியான கருவுற்ற பெண்ணுக்கு அதிர்ச்சியால் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும் கூறுவர். தம் நடிப்பினால் உயிர்களுக்குத் தீங்கு நேர்ந்ததை எண்ணி வருந்திய சுவாமிகள், அதன்பின் வேடம் புனைவதை அறவே விட்டுவிட்டார் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தியாகும்.

இச்செய்திகளின் ஒவ்வொரு கூறும் அவ்வாறே நடந்ததா என்பதைவிட, அவற்றின் விளைவே தமிழ் நாடக வரலாற்றில் முதன்மையானது. புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகர் மேடையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறினார். தாம் நடித்து அடையக்கூடிய பெயரைப் பிறர் நடித்து அடையும்படி செய்வதே அதன்பின் அவர் தொழிலாயிற்று.

ஆசிரியரும் துறவியும்

நடிப்பைத் துறந்த சுவாமிகள் சாமி நாயுடு நாடக சபையில் ஆசிரியராகவும் சூத்திரதாரியாகவும் பொறுப்பேற்றார். இக்காலத்தில் பல நாடகங்களை எழுதினார். ஆயினும் உலக வாழ்க்கையில் பற்றுக் குறைந்து, நாடகத்தொழிலை விட்டு நீங்கித் திருத்தலங்களுக்கு யாத்திரை மேற்கொண்டார். முருகப் பெருமானிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த இவர் திருமணம் செய்துகொள்ளாமல் துறவுக்கோலம் பூண்டார். சுவாமிகள் என்று மக்கள் இவரை அழைத்தது இத்துறவுக் கோலத்தினாலேயே ஆகும்.

யாத்திரையின்போது புதுக்கோட்டைக்குச் சென்றார். அங்குக் கஞ்சிரா வாத்தியத்தைக் கருநாடக இசை அரங்குக்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படும் மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்து வந்தார். லய நுணுக்கங்களில் ஈடிணையற்றவராக விளங்கிய அவரிடம் சுவாமிகள் தங்கி இசையையும் தாளத்தையும் கற்றார். மான்பூண்டியா பிள்ளை இவரைத் தம் வளர்ப்பு மகனாகவே ஏற்றுக்கொண்டார். பழனியில் கற்ற யாப்பும் புதுக்கோட்டையில் கற்ற தாளமும் சுவாமிகளின் நாடகப் பாடல்களில் ஒன்றாகக் கலந்தன. திருப்புகழைப் போன்ற சந்தப் பாடல்களை நடிகர்கள் எளிதாகப் பாடும்படி அமைக்க அவரால் முடிந்தது இதனாலேயே.

மீண்டும் நாடக உலகிற்குத் திரும்பிய சுவாமிகள் வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர் ஆகியோரின் சபைகளிலும், பி. எஸ். வேலு நாயரின் சண்முகானந்த சபையிலும் ஆசிரியராக விளங்கினார். வள்ளி, அல்லி என்னும் முன்னொட்டுகள் நாடகப் பாத்திரங்களின் பெயர்கள் நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அக்கால வழக்கைக் காட்டுகின்றன.

நாடக சபைகளின் நிறுவனர்

பிறருடைய சபைகளில் பணியாற்றிய சுவாமிகள் 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தோற்றுவித்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் தலைசிறந்த பாடக நடிகராக விளங்கிய எஸ். ஜி. கிட்டப்பா (1906 - 1933) சிறுவராக இருந்தபோது இவரது பயிற்சியைப் பெற்றவர். இச்சபைக்குப் பின்னர் சுவாமிகள் மதுரையில் ஜெகந்நாத ஐயர் நடத்திய பால மீனரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராக இருந்தார்.

சிறுவர் குழுக்களின் தேவை

வளர்ந்த நடிகர்களைக் கொண்டு ஒரு குழுவை நடத்துவது அக்காலத்தில் எளிதாக இல்லை. புகழ்பெற்ற நடிகர் ஒருவர் குறித்த நேரத்தில் வராமல் போனால் அன்றைய ஆட்டம் நின்றுவிடும். குடிப்பழக்கம், ஊதியத் தகராறு, ஒருவரை ஒருவர் மேடையிலேயே மட்டந்தட்டிப் பேசுதல் முதலியவை மலிந்திருந்தன. எழுதிக் கொடுத்த பாடத்தை விட்டு விலகிப் பேசுவதைத் திறமையாகவே பலர் கருதினர். ஆசிரியர் எழுதியதை எழுதியவாறே மேடையில் காண வேண்டுமானால், தொடக்கத்திலிருந்தே பயிற்றுவிக்கப்பட்ட நடிகர்கள் வேண்டும். சிறுவர்களை மட்டுமே கொண்ட குழுக்கள் தோன்றியமைக்கு இதுவே முதன்மையான காரணம். இவை பொதுமக்களால் பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்டன.

தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை

1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. சுவாமிகள் இதன் ஆசிரியராக விளங்கினார். நிருவாகப் பொறுப்பை உடைமையாளர்கள் சிலர் ஏற்றனர். பெண் வேடங்களில் நடித்துவந்த கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களை இச்சபையில் சேர்த்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. சண்முகம் ஆகியோர் இவ்வாறு சுவாமிகளின் மாணவர்களாயினர். இவர்களின் இளைய சகோதரர் டி. கே. பகவதி பின்னர் நாடகத்துறைக்கு வந்தார். அப்போது சண்முகத்துக்கு ஆறு வயது.

சிறுவர்கள் குழுவோடு ஒரே வீட்டில் தங்கினர். உணவும் உடையும் சபையே அளித்தது. பகலில் பாடமும் பாட்டும் ஒத்திகையும், இரவில் ஆட்டமும் என்பதே அவர்கள் வாழ்க்கை. எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர்களும் பிறர் சொல்லக் கேட்டு நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தனர். ஒரு நாடகத்தில் பல பாத்திரங்களின் பாடத்தையும் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். எனவே ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் மற்றொருவர் அவ்வேடத்தை ஏற்க இயன்றது. பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர்.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. பெற்றோரைப் பிரிந்த சிறுவர்கள் கடுமையான கட்டுப்பாட்டில் வாழ்ந்தனர். முறையான பள்ளிக் கல்வி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பருவ வயதில் குரல் உடைவதை நாடகத்துறையினர் மகரக்கட்டு என்பர். மகரக்கட்டு நேர்ந்த சிறுவன் பாடும் வேடங்களை இழந்து, குழுவில் தனக்கு இடமுண்டா என்ற ஐயத்தில் காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தமிழ் மேடைக்கும் திரைக்கும் வேண்டிய நடிகர்களில் பெரும்பாலோர் இத்தகைய குழுக்களிலிருந்தே வந்தனர்.

அபிமன்யு சுந்தரி

சுவாமிகளின் எழுத்தாற்றலுக்குச் சான்றாக அபிமன்யு சுந்தரி நாடகம் எழுதப்பட்ட நிகழ்ச்சி குறிப்பிடப்படுகிறது. சிறுவர் சண்முகத்தின் திறமைக்கேற்ற முதன்மை வேடம் ஒன்று வேண்டும் என்று உடைமையாளர்கள் விரும்பினர். அன்றிரவு உணவுக்குப்பின் விளக்கருகில் அமர்ந்த சுவாமிகள், பாடல்களும் உரையாடலுமாக முழு நாடகத்தையும் விடிவதற்குள் எழுதி முடித்தார். அர்ச்சுனனின் மகன் அபிமன்யு சுந்தரியை மணப்பதும், கடோத்கசன் அதற்குத் துணைநிற்பதும் இந்நாடகத்தின் கதையாகும். சண்முகம் அபிமன்யுவாக நடித்துப் பாராட்டுப் பெற்றார்.

இந்நிகழ்ச்சியைச் சண்முகம் தம் நூல்களில் பதிவு செய்துள்ளார். சுவாமிகளைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகளில் பெரும்பகுதி இவரது எழுத்துகளின் வழியாகவே கிடைத்துள்ளது. அன்பும் சினமும் ஒருங்கே கொண்டவராகவும், பிழையாகப் பாடுவதைப் பொறுக்காதவராகவும் சுவாமிகளை இவர் காட்டுகிறார்.

நாடகங்கள்

சுவாமிகள் ஏறத்தாழ 40 நாடகங்கள் எழுதியதாகக் கணக்கிடப்படுகிறது. 68 என்று கூறுவோரும் உளர். இவற்றில் ஒரு பகுதியே முழுமையாகக் கிடைத்துள்ளது. அவர் காலத்தில் நாடகங்கள் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவும் நடிகர்களின் நினைவிலுமே வாழ்ந்தன. பாடல்கள் சிறு வெளியீடுகளாக அச்சாகி ஆட்டம் நடக்கும் இடங்களில் விற்கப்பட்டன. கதை மூலத்தைக் கொண்டு இவருடைய நாடகங்களைக் கீழ்வருமாறு வகைப்படுத்தலாம்.

புராண, இதிகாச நாடகங்கள்: வள்ளி திருமணம், பிரகலாதன், சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, சதி சுலோசனா, இலவகுசா, அபிமன்யு சுந்தரி.

நாட்டுப்புறக் கதைப்பாடல்களை ஒட்டியவை: அல்லி அர்ச்சுனா, பவளக்கொடி. இக்கதைகள் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அம்மானைகளாக மக்களிடையே முன்னரே பரவியிருந்தன.

இலக்கியங்களையும் அடியார் வரலாறுகளையும் ஒட்டியவை: கோவலன் சரித்திரம், சிறுத்தொண்டர், பிரபுலிங்க லீலை.

பிறமொழி நாடகங்களைத் தழுவியவை: மிருச்சகடிகம், ரோமியோவும் ஜூலியத்தும், சிம்பலைன்.

இவற்றுள் கோவலன் சரித்திரம் குறிப்பிடத்தக்கது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டில் பதிப்பித்திருந்தாலும், பொதுமக்கள் அறிந்திருந்தது வாய்மொழியாக வழங்கிய கோவலன் கதையையே. சுவாமிகளின் நாடகம் அக்கதை மரபையும் ஏற்றுக்கொண்டு அமைந்தது. ஏட்டில் மட்டும் இருந்த கதையைக் காட்டிலும் மக்களிடையே வாழ்ந்த கதைக்கு மேடையில் வலிமை அதிகம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நடையும் அமைப்பும்

சுவாமிகளின் நாடகங்களில் பாடலே முதன்மையானது. வெண்பா, விருத்தம், கலித்துறை, சிந்து, கண்ணி, கீர்த்தனை எனப் பல வடிவங்களை அவர் பயன்படுத்தினார். பாத்திரத்தின் தன்மைக்கும் சூழலுக்கும் ஏற்ப வடிவம் மாறும். நாடகத்தின் தொடக்கத்தில் பாத்திரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பாடுவது கூத்து மரபிலிருந்து வந்தது. இரு பாத்திரங்கள் மாறி மாறிப் பாடி வாதிடும் தர்க்கப் பாடல்கள் இவருடைய தனிச்சிறப்பு.

உரையாடலில் எதுகை மோனையும் அடுக்குத்தொடர்களும் நிறைந்திருக்கும். திருக்குறள், நாலடியார் முதலிய நீதிநூல்களின் கருத்துகளை இடமறிந்து கையாண்டார். இன்றைய வாசகருக்கு இந்நடை செயற்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் முன் பேசிய நடிகருக்கு ஓசை நிறைந்த சொற்களே துணையாக இருந்தன. எழுத்தறிவற்ற பார்வையாளர்கள் பலர் இலக்கியத்தையும் நீதிநூல் கருத்துகளையும் முதன்முதலாக அறிந்தது இம்மேடையின் வழியாகவே ஆகும்.

அக்காலத்தில் சி. கன்னையாவின் நாடகக் குழு தசாவதாரம் போன்ற நாடகங்களில் வியப்பூட்டும் காட்சியமைப்புகளால் பெயர்பெற்றிருந்தது. சுவாமிகளின் குழுவோ பாட்டையும் பாடத்தையும் நம்பியது. ஆதலால் அவருடைய நாடகங்களை விலையுயர்ந்த திரைகள் இல்லாத சிற்றூர்களிலும் நடத்த முடிந்தது. அவை நீண்டகாலம் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இறுதிக் காலம்

1921ஆம் ஆண்டில் சுவாமிகள் பக்கவாத நோயால் தாக்கப்பட்டார். கையும் காலும் செயலிழந்ததோடு பேச்சும் நின்றுபோயிற்று. வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பாட்டையும் வசனத்தையும் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சொல்லும் பேச இயலாதவரானார். குழந்தையோ குடும்பமோ இல்லாத அவருக்குச் சபையே குடும்பமாக இருந்தது. அந்நிலையிலும் சபையினரோடு ஊர் ஊராகச் சென்று தங்கினார்.

1922ஆம் ஆண்டில் சபை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் முகாமிட்டிருந்தது. அங்கு நவம்பர் 13ஆம் நாள் தமது 55ஆம் வயதில் சுவாமிகள் காலமானார். அவரது உடல் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மரபும் தாக்கமும்

சிறுவர் குழுக்களின் வளர்ச்சி

சுவாமிகளின் மறைவுக்குப்பின் டி. கே. எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். இச்சபை 1950ஆம் ஆண்டில் டி. கே. எஸ். நாடக சபை எனப் பெயர் மாற்றம் பெற்றது. என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். எஸ். ராஜேந்திரன் முதலியோர் இதில் நடித்தவர்கள். ஜெகந்நாத ஐயர் சபையில் எம். ஆர். ராதாவும் நவாப் ராஜமாணிக்கமும் பயின்றனர். ம. கோ. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் மதுரையைச் சார்ந்த பிற சிறுவர் குழுக்களில் வளர்ந்தவர்களே.

ஸ்பெஷல் நாடகம்

சுவாமிகளின் நாடகங்கள் மற்றொரு வழியிலும் பரவின. ஒரு நிலையான குழு இல்லாமல், வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியே அழைத்து நடத்தும் நாடகம் ஸ்பெஷல் நாடகம் எனப்படும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்சர் என்னும் வகைகளில் நடிகர்கள் தெரிவு செய்யப்படுவர். ஆர்மோனியமும் மிருதங்கமும் பிற வாத்தியங்களும் உடன் ஒலிக்கும். ஒத்திகை கிடையாது. முன்பின் சந்தித்திராத இருவர் அன்றிரவு மேடையில் முருகனாகவும் வள்ளியாகவும் சந்திப்பர்.

இவ்வாறு நடிக்க முடிவதற்குக் காரணம், எல்லோரும் சுவாமிகளின் ஒரே பாடத்தைக் கற்றிருப்பதேயாகும். எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு, எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கும். அதே சமயம், வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் நடிகர்களின் திறமைக்கேற்ப மணிக்கணக்கில் நீளும். நடிகர்கள் பாடத்தை விட்டு விலகிப் பேசுவதைத் தடுக்கச் சிறுவர் குழுவைக் கண்ட சுவாமிகளின் எழுத்தே, விருப்பம்போல் விரித்துப் பேசும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் அடித்தளமாயிற்று. சிறுவர் குழுக்கள் மறைந்துவிட்டன. ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் கோயில் விழாக்களையொட்டி நடைபெற்று வருகிறது.

இம்மேடையில் பெண்கள் பெண் வேடங்களை ஏற்றனர். கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் தமிழகத்திலும் இலங்கையிலும் புகழ்பெற்றது. விடுதலைப் போராட்டக் காலத்தில் எஸ். எஸ். விசுவநாத தாஸ் (1886 - 1940) புராண நாடகங்களுக்கிடையே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். அவர் 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே உயிர் நீத்தார்.

திரைப்படம்

1931ஆம் ஆண்டில் தமிழில் பேசும்படம் தோன்றியபோது அதற்கு வேண்டிய கதையும் பாட்டும் நடிகரும் நாடக மேடையிலிருந்தே கிடைத்தன. வள்ளி திருமணம் 1933ஆம் ஆண்டிலும் பவளக்கொடி 1934ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாக வெளிவந்தன. பவளக்கொடி எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த முதல் படமாகும். கே. சுப்பிரமணியம் அதனை இயக்கினார். தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் பாடல்கள் மிகுந்திருந்தமைக்கு இசை நாடக மரபு முதன்மையான காரணமாகும்.

நினைவுகள்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ள சுவாமிகளின் நினைவிடத்தில் ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் நாடகக் கலைஞர்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். மதுரையில் தமுக்கம் மைதானத்தை அடுத்து இவருக்குச் சிலை உள்ளது. டி. கே. சண்முகம் சுவாமிகளின் வாழ்க்கையையும் பணியையும் விளக்கித் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்னும் நூலை எழுதினார். 1972ஆம் ஆண்டில் வெளியான எனது நாடக வாழ்க்கை என்னும் அவரது தன்வரலாறும் சுவாமிகளைப் பற்றிய முதன்மையான சான்றாகும்.

புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ளது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அப்பள்ளியின் தொடக்ககால இயக்குநராக இருந்தார். சென்னையில் தென்னிந்திய நடிகர் சங்க வளாகத்தில் அமைந்திருந்த கலையரங்கத்துக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் நடைபெற்ற அச்சங்கத் தேர்தலில் போட்டியிட்ட அணிகளுள் ஒன்று சுவாமி சங்கரதாஸ் அணி என்று தன்னை அழைத்துக்கொண்டது.

மதிப்பீடு

சங்கரதாஸ் சுவாமிகளும் பம்மல் சம்பந்த முதலியாரும் தற்காலத் தமிழ் நாடகத்தின் இரு பெரும் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். பம்மல் உரைநடை நாடகத்தை வளர்த்துக் கற்ற வகுப்பினரை மேடைக்கு அழைத்து வந்தார். சுவாமிகள் ஏற்கெனவே மேடையில் இருந்த எளிய தொழில்முறைக் கலைஞர்களுக்குப் பிழையற்ற தமிழையும் பாடத்தையும் அளித்தார். புராணக் கதைகளையே பெரிதும் எழுதியமை, பாடல்களின் மிகுதி, கற்பு குறித்த பழைய கருத்துகளை வலியுறுத்தியமை ஆகியன இவருடைய நாடகங்களின் வரம்புகளாகப் பிற்காலத் திறனாய்வாளர்களால் சுட்டப்படுகின்றன. எனினும் அல்லி போன்று அரசாளும் பெண்ணையும், வள்ளி போன்று வாதாடும் பெண்ணையும், எமனையே சொல்லால் வெல்லும் சாவித்திரியையும் சிற்றூர் மேடைகளில் நிலைபெறச் செய்தவை அவருடைய நாடகங்களே.

சொத்தாக எதையும் விட்டுச்செல்லாத சுவாமிகளின் பாடங்கள், ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் வாய்மொழியாகக் கைமாறிப் பல நூறு நாடகக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரமாக அமைந்தன. மாசி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலத்தில் தென்மாவட்டச் சிற்றூர்களில் ஒட்டப்படும் நாடக விளம்பரங்களில், நடிகர்களின் படங்களுக்கு மேலே, அவருடைய நாடகங்களின் பெயர்களை இன்றும் காணலாம்.